வார்டில் தாதிக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: "நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் மெடிக்கல் வார்டில் வேலை செய்கிறேன். டிப்ளோமா முடித்து நாலு வருடம் ஆகிறது. எங்கள் வார்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஏதாவது சொன்னால் 'நீ வந்து எத்தனை நாள்?' என்று கேட்கிறார்கள். தமிழ் தெரிந்த தாதியர் என்னோடு சேர்த்து இரண்டு பேர்தான். அதனால் எல்லா வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். போன மாதம் தாதியரை வலுவூட்டுவது பற்றி ஒரு நாள் செமினார் வைத்தார்கள். தன்னம்பிக்கை வேண்டும், தைரியமாகப் பேச வேண்டும் என்றார்கள். அடுத்த நாள் டியூட்டிக்குப் போனால் எல்லாம் பழையபடிதான். இதெல்லாம் உண்மையில் நடக்கக்கூடிய காரியமா? இல்லை, இடமாற்றம் கேட்டுப் போய்விடுவதுதான் நல்லதா?"

தங்கச்சி, நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் உங்கள் செமினார் தொடங்கிய இடமே பிழை. உங்களிடம் தைரியம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, அதை ஊட்டப் பார்த்திருக்கிறார்கள். இரவு டியூட்டியில் இரண்டே பேராக நின்று ஒரு வார்டு முழுவதையும் விடிய விடியப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குத் தைரியம் இல்லை என்று எப்படிச் சொல்வது? என் வேலைக்காலத்தில் பாதி வார்டில் போனது, மீதி தாதியரைப் பயிற்றுவிப்பதில் போனது. படிக்கும்போது துடியாக இருந்த பிள்ளை ஒரு வார்டில் வாயடைத்துப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை வார்டு மாறிய சில மாதத்தில் கன்சல்டனிடமே கேள்வி கேட்பதையும் பார்த்திருக்கிறேன். குணம் அதே குணம்தான். சுற்றியிருந்தது மாறிவிட்டது.

இதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் ரொசபெத் மொஸ் கண்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர். 1977 இல், ஒரு பெரிய கம்பனியின் ஊழியர்களை ஆராய்ந்து எழுதியபோது அவர் சொன்னது இதுதான்: ஓர் ஆளுக்கு வேலையில் அதிகாரம் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அவர் நிற்கிற இடம். தேவையான தகவல் அந்த இடத்துக்கு வருகிறதா, வேலைக்கு வேண்டிய பொருளும் நேரமும் கிடைக்கிறதா, மேலே உள்ளவரும் பக்கத்தில் உள்ளவரும் கைகொடுக்கிறார்களா, முன்னேற வழி இருக்கிறதா. இந்த நாலும் இருந்தால் சாதாரண ஆளும் நிமிர்ந்து நிற்பார். இல்லாத இடத்தில் இருப்பவர் சட்டத்தையும் வரிசையையும் பிடித்துக்கொண்டு தனக்குக் கீழே உள்ளவரை நெருக்குவார். கனடாவில் ஹெதர் லாஷிங்கர் என்ற தாதியர் பேராசிரியர் இதே கருத்தை எடுத்து, வைத்தியசாலைத் தாதியரிடம் பல வருடம் ஆராய்ந்தார். அந்த நாலும் கிடைக்கிற தாதியர் குறைவாகக் களைத்துப் போகிறார்கள், நிர்வாகத்தைக் கூடுதலாக நம்புகிறார்கள், வேலையில் நிறைவாக இருக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது.

"நீ வந்து எத்தனை நாள்?" என்று கேட்கிற அந்த அக்காவையும் கொஞ்சம் இந்தக் கண்ணால் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வருடம் வேலை செய்தும் அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கையில் மிஞ்சியது சீனியோரிட்டி ஒன்றுதான். அதை நீங்களும் பறித்துவிடுவீர்கள் என்ற பயம் அவருக்கு. அவர் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை எதிரியாக வைத்துக்கொண்டு தொடங்கினால் வேலை நடக்காது.

சரி, அந்த நாலும் நம் வார்டில் எப்படித் தெரியும்?

தகவலில் தொடங்குவோம். காலையில் ரவுண்ட் வருகிறது. கன்சல்டன், ரெஜிஸ்ட்ரார், எச்.ஓ. என்கிற இளம் டாக்டர்மார் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷில், வேகமாக. தாதி டிரொலியோடு பின்னால் நிற்பாள், அல்லது அடுத்த கட்டிலில் டிரிப் கழற்றிக்கொண்டிருப்பாள். முடிவு எல்லாம் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில் போகும். நாளைக் காலை எண்டோஸ்கொப்பி, வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அவசரத்தில் கிறுக்கியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் நோயாளி டீயும் பணிசும் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். பரிசோதனை தள்ளிப் போகும். திட்டு யாருக்கு? தாதிக்கு. அவளுக்கு வந்து சேராத தகவலுக்கு அவள் பொறுப்பாளி ஆகிவிடுகிறாள். இப்படி நாலு தடவை நடந்தால், எவ்வளவு கெட்டிக்காரியும் சொன்னதை மட்டும் செய்கிற ஆளாக மாறிவிடுவாள்.

இதற்கு நேர்மாறான ஒரு கன்சல்டனையும் நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் நின்று, டிக்கெட்டைத் திறக்காமலே, "ராத்திரி எப்படி?" என்று தாதியைத்தான் முதலில் கேட்பார். அவள் சொல்லி முடிக்கும் வரை எச்.ஓ.மாரைப் பேச விடமாட்டார். முதல் கிழமை தாதியர் தடுமாறினார்கள். பிறகு என்ன நடந்தது தெரியுமா? இரவு டியூட்டி முடிகிறவர்கள் ரவுண்டுக்கு முன்பே கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். யார் தூங்கவில்லை, யாருக்கு மூத்திரம் குறைந்தது, யார் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை, காசு ஒதுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும்தான் புதிதாக வந்தது.

வளம் என்று வந்தால் நம் நிலைமை உங்களுக்கே தெரியும். வார்டுக்கு ஒரு பிரஷர் மெஷின், அதன் கைப்பட்டி ஒட்டாது, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு அளக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் "இதை வெளியில் வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதி, நாட்கூலிக்கு உழைக்கிற குடும்பத்தின் கையில் கொடுத்தது தாதிதான். முடிவு எங்கோ எடுக்கப்படும், அதைச் சொல்கிற முகம் மட்டும் நம்முடையது. அதைச் சொல்லிவிட்டு வந்து ஸ்டோர் ரூமில் நின்று அழுத பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது நியாயம் இல்லை.

ஆள் பலமும் வளம்தான். அதுதான் முதல் வளம். லிண்டா எய்கனும் அவர் குழுவும் பென்சில்வேனியாவில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட முடிவு தாதியர் உலகமே அறிந்தது: ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது, அந்தத் தாதி களைத்து நொந்துபோகும் வாய்ப்பு 23 வீதம் கூடுகிறது. நம் நாட்டில் 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை, அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றது. போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அவர்கள் விட்டுப்போன கட்டில்களை இருப்பவர்கள்தான் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதனால் உங்கள் நிர்வாகம் வலுவூட்டலைப் பற்றிப் பேசும்போது, ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் நழுவினால், அதைக் கேட்டு வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆளைக் குறைத்துவிட்டு உற்சாகத்தைக் கூட்ட முடியாது.

இனி உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். "தமிழ் தெரிந்த தாதியர் இரண்டு பேர்தான்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மலையக வைத்தியசாலைகளில் வேலைச் சூழலைப் பற்றிப் பேசினால் இதைத்தான் நடுவில் வைத்துப் பேச வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளில் உள்ள கேள்விக்கொத்துகளில் இது இருக்காது.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. டிஸ்பென்சரி, ஈ.எம்.ஏ. என்கிற தோட்ட மருத்துவ உதவியாளர், தோட்டத்து மருத்துவமாது, அவ்வளவுதான். 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 2017 இல் டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆக, தோட்டத்து லயத்திலிருந்து அரசாங்க வார்டுக்கு வருகிற ஆட்களின் தொகை கூடியது. வார்டில் நிற்கிற தாதியரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் அந்தப் பிரிவு மிகக் கொஞ்சம். அப்புறம் எங்கிருந்து நம் பிள்ளைகள் தாதியராக வருவார்கள்?

சட்டத்தில் குறையில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007 சுற்றறிக்கை சொன்னது. ஆனால் பரீட்சைக்குப் படித்த தமிழை வைத்து, "நெஞ்சு கரிக்குது", "தலை கிறுகிறுங்குது", "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது" என்று சொல்கிற அம்மாவின் வருத்தத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா, சீனி வருத்தம். திரும்பத் திரும்ப சீனி இறங்கி, மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவோம், தெளிந்துவிடுவார், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவோம். மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று டிக்கெட்டில் எழுதியாயிற்று. ஒரு நாள் மாலை டியூட்டியில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மாத்திரை போட்டு எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். "விடிய அஞ்சரைக்கு பிளேன் டீயோட மாத்திரையப் போட்டுட்டு பெரட்டுக்கு ஓடிருவேன் மிஸ். ரொட்டி பத்து மணிக்குத்தான்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம். முடிந்தது. அந்த அம்மா, நாம் சொன்னதைச் சொன்னபடி, ஒரு நாளும் தவறாமல் எடுத்திருக்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு முன் என்று நாம் சொன்னதற்கு, சாப்பாட்டுக்கு நாலரை மணித்தியாலம் முன் என்று அவருடைய வாழ்க்கை அர்த்தம் கொடுத்துவிட்டது. மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிற உடம்பு எப்படித் தாங்கும்?

அந்தப் பிள்ளை கேட்டறிந்தது அருமையான விஷயம். ஆனால் வேலைச் சூழல் என்பது அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் தெரியும். அவள் அதைப் போய் டாக்டரிடம் சொன்னாளா, சொல்ல முடிந்ததா, சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டாரா, டிக்கெட்டில் ஏறியதா? அன்றைக்கு ஏறியது. ரொட்டியோடு சேர்த்து எடுக்கும்படி மருந்து வேளை மாற்றப்பட்டது. அதே விஷயத்தை இன்னொரு வார்டில் சொல்லி, "உனக்கு டயக்னோசிஸ் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டிருந்தால், அடுத்த அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு மனம் வந்திருக்காது. தாதிக்கு அதிகாரம் இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்: நோயாளிக்காக அவள் தெரிந்துகொண்ட ஒன்று, அவள் யாரிடமும் கெஞ்சாமல், நோயாளியின் மருந்து அட்டை வரை போய்ச் சேர வேண்டும்.

இதன் மறுபக்கம் உங்கள் முதுகில் ஏறுகிற சுமை. சர்ஜிக்கல் வார்டில் ஓர் ஐயாவுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் விளக்கம் சொல்ல வேண்டும், உங்களைக் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் ஒரு தாய்க்குக் கோபம், உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் போய் வருவதற்குள் உங்கள் வார்டில் ஆறு மணி மருந்து பிந்திவிடும். அதற்கும் உங்களைத்தான் கேட்பார்கள். இந்த ஓட்டம் ரோஸ்டரில் இல்லை, ஓ.டி.யில் இல்லை, வருட மதிப்பீட்டிலும் இல்லை. நீங்கள் இல்லாத நாளில் அட்டெண்டனையோ, பக்கத்துக் கட்டில்காரரையோ, நோயாளியின் பத்து வயது மகனையோ வைத்துச் சமாளிப்பார்கள். இரத்தப்போக்கோடு வந்த தாய், மகனின் வாயால் எதைச் சொல்வார்? பாதியை விழுங்கிவிடுவார். இது மனம் நோகிற விஷயம் மட்டும் இல்லை, உயிருக்கு ஆபத்தான விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் நோயாளிக்கு இரண்டு வார்த்தை கூடப் பேசினால் "உங்க ஆக்களுக்கு மட்டும் விசேட கவனிப்பா?" என்று பேச்சு வரும். அது வலிக்கும், தெரியும். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. நோயாளிகளிடமே தமிழ் பழகி, தோட்டத்துப் பேச்சில் "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்கிற சிங்களத் தாதியர் பலரோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கு முதலில் துணை நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

செய்யக்கூடியது என்ன? ஒரு சின்னக் கொப்பி எடுங்கள். ஒரு மாதத்துக்கு, மொழிக்காக உங்களைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், எந்த வார்டு, எவ்வளவு நேரம் போனது என்று மட்டும் எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் கூட்டி, வார்டுக்குப் பொறுப்பான உங்கள் சிஸ்டரிடம் கொண்டு போங்கள். குறை சொல்லும் தொனியில் வேண்டாம்; "சிஸ்டர், இவ்வளவு மணித்தியாலம் நம் வார்டிலிருந்து வெளியே போகிறது, நம் வார்டுக்கு ஆள் கேட்க இது உதவும்" என்று சொல்லுங்கள். சிஸ்டருக்கும் அது ஆயுதம். மேட்ரனிடமும் பணிப்பாளரிடமும் போகும்போது கையில் கணக்கு இருந்தால் பேச்சே வேறு. தமிழ் தெரிந்தவர்களை ஒரே ஷிப்டில் போடாமல் பிரித்துப் போடுவது, மருந்து வேளையில் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி வைப்பது, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற துண்டைத் தமிழில் அச்சடித்து வைப்பது எல்லாம் அந்த வைத்தியசாலைக்குள்ளேயே முடிகிற காரியங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டை நோயாளியின் குடும்பமே கொடுக்கலாம்.

இனி, வாய் திறக்காத வார்டு. ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராயப் போனார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்த முடிவு தலைகீழ்: நன்றாக ஒத்துழைக்கிற குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். காரணத்தைத் தேடினால், அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை. நடந்ததைச் சொல்லப் பயம் இல்லை. மற்ற வார்டுகளில் மூடி மறைத்தார்கள். நம் இடங்களில் ஒரு பிழை நடந்தால் முதலில் வருவது விளக்கம் கோரும் கடிதம். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன் யார் செய்தது என்று கேட்கிறோம். கடிதம் வாங்கியவள் ஒருத்தி, பாடம் படிக்கிறவர்கள் வார்டு முழுக்க: இனி எதையும் வெளியே சொல்லாதே. அப்புறம் அதே மாதிரிப் பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற அதே இரண்டு ஊசி மருந்து அடுத்த மாதமும் மாறும்.

இந்த இடத்தில் எல்லாம் சிஸ்டரின் கையில்தான் இருக்கிறது. பணிப்பாளர் தூரத்தில் இருக்கிறார், கன்சல்டன் வந்து போகிறவர். வார்டின் காற்று எப்படி வீசும் என்பதை முடிவு செய்வது சிஸ்டரும் அவர் போடும் ரோஸ்டரும்தான். மலையகத்தில் மாலை டியூட்டி ஏழு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு உள்ளே போகிற பஸ் கிடையாது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் த்ரீவீலரும் வராது. இதைத் தெரிந்து, தூரத்துப் பிள்ளைக்கு மாலையும் இரவும் சேர்த்துப் போட்டு, குவாட்டர்ஸில் தங்க வழி பார்த்து ரோஸ்டர் போடுகிற சிஸ்டரும் உண்டு. விருப்பப்பட்டவருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு ஒரு மாதிரிப் போடுகிறவரும் உண்டு. ரோஸ்டரை மேசை இழுப்பறையில் வைக்காமல் எல்லாரும் பார்க்கச் சுவரில் ஒட்டி, கோரிக்கைகளை ஒரே கொப்பியில் எழுத வைத்தாலே பாதிப் புகைச்சல் அடங்கிவிடும். வார்டில் வருகிற சண்டைகளில் பெரும்பகுதி ரோஸ்டரில் பிறப்பதுதான்.

கீழிருந்து மாற்றம் வராது என்று யாராவது சொன்னால், கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையைச் சொல்லுங்கள். 2000 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே ஜப்பானிய 5எஸ் முறையை எடுத்து, தாதியரும் சிற்றூழியரும் தாங்களே தங்கள் வேலை இடத்தை ஒழுங்குபடுத்துவதில் தொடங்கினார்கள். பிறகு ஜைக்கா என்கிற ஜப்பானிய உதவி நிறுவனம் அதை முன்மாதிரியாக எடுத்து ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டு போனது. தொடக்கம் அலுமாரியை ஒழுங்காக அடுக்குவதுதான். ஆனால் எந்த மருந்து எங்கே இருக்க வேண்டும் என்பதை அதை எடுக்கிறவளே தீர்மானித்தாள் என்பதுதான் அதில் பெரிய விஷயம். உங்கள் வைத்தியசாலையிலும் தர முகாமைப் பிரிவு என்று ஒன்று இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

டாக்டரிடம் பேசுவதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். எஸ்.பி.ஏ.ஆர். என்று உங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி வைத்தியசாலைக்கு வந்த முறை. நம்மவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்: "சேர், பத்தாம் கட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல்." அவர் "பனடோல் கொடுங்க" என்று வைத்துவிடுவார். முழுதாகச் சொல்லிப் பாருங்கள்: "சேர், பத்தாம் கட்டில் அம்மாவுக்குப் பிரஷர் 90க்கு 50, நாடி 120. நேற்று மூத்திரக் குழாய் போட்டது, காலையிலிருந்து காய்ச்சல். எனக்கு இது செப்சிஸ் மாதிரித் தெரிகிறது. நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்." கடைசி இரண்டு வசனத்தைச் சொல்லத்தான் நாக்கு எழாது. அதைத் தனியாகப் பழக வேண்டாம். இன்னொரு தாதியோடு சேர்ந்து டீ ரூமில் சொல்லிப் பழகுங்கள். சொன்ன நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள்.

முன்னேற்ற வாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக: திறந்த பல்கலைக்கழகம் 1990களிலிருந்து வேலையில் இருக்கிற தாதியருக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. இங்கிலீஷ் பயப்படுத்தும், நாலு பேர் சேர்ந்து படித்தால் கடந்துவிடலாம். விண்ணப்பம் கேட்கும் அறிவித்தல் பல நேரம் சிங்களத்தில் மட்டும் ஆபீஸ் பலகையில் தொங்கும், அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள். படித்து முடித்தவர்கள் மலையகத்தை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் அதை உங்கள் மேல் கடனாக ஏற்ற மாட்டேன்.

கடைசியாக இடமாற்றம். உங்களை யாராவது அவமானப்படுத்துகிறார்கள், கையை நீட்டுகிறார்கள், தொல்லை கொடுக்கிறார்கள் என்றால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். உங்கள் சங்கத்துக்குச் சொல்லிவிட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, இடமாற்றமும் கேளுங்கள். அப்படி ஒன்றும் இல்லை, வார்டு இறுகிப் போயிருக்கிறது என்பது மட்டும்தான் என்றால், வைத்தியசாலையை விட்டுப் போவதற்கு முன் அதே வைத்தியசாலையில் வேறு வார்டு கேட்டுப் பாருங்கள். எந்த வார்டில் பிள்ளைகள் நிற்க விரும்புகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அந்த சிஸ்டரிடம் நேராகப் போய், "உங்கள் வார்டில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பதென்றால், மேட்ரன் ஊடாகக் கொடுக்கும் கடிதத்தின் இன்னொரு பிரதியையும் கொண்டு போய், கிடைத்த திகதியை முத்திரையோடு அதில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பிக் கணக்கையும் கூடவே இணையுங்கள்.